இஞ்சினுக்குக் கொஞ்சம் சுகமில்லை

எங்கள் கம்பனியில் இரண்டு லோஞ்சுகள், இஞ்சின் படகுகள், இருந்தன, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. குடாவில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் தொழில். காலையில் ஒரு ஷிப்ட், பின்னேரம் ஒரு ஷிப்ட். காலை ஷிப்டின் மெக்கானிக் லாபிர் நானா, எங்கள் எல்லோருக்கும் அண்ணன் மாதிரி. மத்தியானம் வீட்டுக்குப் போகுமுன், லோஞ்சுகள் என்ன நிலையில் இருக்கின்றன என்று வட்ஸ்அப் குறூப்பில் அவர் எழுதிப் போடவேண்டும். பின்னேர ஷிப்ட் அதை வாசித்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்க்கும். கம்பனியில் அவருக்கு இருந்த எழுத்து வேலை இந்த ஒன்றுதான். அந்த ஒன்றும் அவருக்கு ஏலாமல் இருந்தது.

பிழை பிழையாக எழுதுவார் என்று நினைக்கவேண்டாம். தமிழ் அவருக்கு நன்றாகவே வரும். ஒரு நாள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். அனைவரும் நலமாக இருக்க அல்லாஹ் துணை புரிவானாக. இன்று வெயில் கடுமை. கடல் அமைதி. பெரிய லோஞ்சு காலையில் கப்பலுக்குப் போய் நல்லபடியாக வந்து சேர்ந்தது. எத்தனையோ வருடமாக எங்களுக்காக உழைத்த லோஞ்சு அது. இஞ்சினுக்குக் கொஞ்சம் சுகமில்லை. ஒருவரும் யோசிக்க வேண்டாம். எல்லாம் இறைவன் நாட்டப்படி."

இதன் பொருள், பிஸ்டன் உடைந்துவிட்டது, லோஞ்சு இருந்த இடத்திலிருந்து அசையாது என்பது.

நான் தனுஷிகா. லிங்கநகரிலிருந்து வேலைக்கு வருகிறேன். எந்தக் கப்பலுக்கு எந்த நேரம் எந்த லோஞ்சு போகவேண்டும் என்று தீர்மானிக்கிற மேசை என்னுடையது. எனக்குக் கோபம் வரும் என்பது கம்பனிக் கந்தோரில் எல்லோருக்கும் தெரியும். வராமல் என்ன செய்யும்? கப்பலில் ஆட்கள் பெட்டி கட்டிக்கொண்டு காத்திருக்க, நான் வெயிலைப் பற்றி வாசித்துக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு ஓடிப்போய் அவரை வாசலில் பிடித்துக் கேட்டேன். "இஞ்சின் செத்துப்போச்சு தங்கச்சி. பிஸ்டன் ரெண்டாப் போயிட்டு. தூக்கி எறியத்தான் சரி," என்றார். வாயால் கேட்டால் இவ்வளவு துப்புரவாகச் சொல்கிற மனிதர். கையில் போனை எடுத்து எழுதத் தொடங்கினால் வேறு ஆளாக மாறிவிடுவார்.

அதற்குக் காரணம் இருந்தது. லாபிர் நானா கிண்ணியாக்காரர். பாலம் வருமுன் கிண்ணியாத் துறையில் ஆட்களை ஏற்றிய படகுகளின் இஞ்சின்களைப் பிரித்துப் பூட்டித் தொழில் பழகியவர். சான்றிதழ் எதுவும் கிடையாது. கைதான் சான்றிதழ். அந்தக் கையால் அவர் ஊருக்கு இன்னொரு காரியமும் செய்துகொண்டிருந்தார், கையென்பதை விட வாயால் என்று சொல்லவேண்டும். கட்டாரிலோ சவுதியிலோ ஊர்ப் பிள்ளை யாராவது மௌத்தானால், அதாவது இறந்துபோனால், அங்குள்ள கூட்டாளிகள் முதலில் வீட்டுக்கு போன் எடுப்பதில்லை, லாபிர் நானாவுக்குத்தான் எடுப்பார்கள். கடலில் போனவர் திரும்பாவிட்டாலும் அவருக்குத்தான். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவார். வீட்டிலுள்ளவரை இருத்துவார். கால் நோவு எப்படி, சாப்பிட்டாயிற்றா என்று விசாரிப்பார். தண்ணீர் கேட்பார், வந்த தண்ணீரை அவர்களையே குடிக்கவைப்பார். பிறகுதான் பிள்ளைக்குக் கொஞ்சம் சுகமில்லையாம் என்று தொடங்குவார். ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம் என்பது வருவதற்குள் அக்கம்பக்கத்தார் வந்து நிறைந்துவிடுவார்கள். மிச்சத்தைச் சொல்லவே தேவையிருக்காது.

பின்னேர ஷிப்டில் பெரிய லோஞ்சை ஓட்டுகிற சஜீத்தும் கிண்ணியாதான். தகப்பன் சவுதியில் மௌத்தானபோது, அவனுடைய வீட்டுக்கும் லாபிர் நானா போயிருக்கிறார்.

"வாப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம் எண்டு நானா வந்து சொன்ன நேரம், வாப்பாவ அங்க அடக்கியே முடிஞ்சிருந்தது அக்கா," என்று சஜீத் எனக்குச் சொன்னான். "நேர சொல்லியிருந்தா உம்மாவும் அந்த இடத்திலயே போயிருப்பா."

அதைக் குறையாகச் சொல்லவில்லை. லாபிர் நானாவைப் பற்றிப் பேசும்போது அவனுடைய குரலே தாழ்ந்துவிடும்.

ஆக, கெட்ட செய்தி என்றால் இப்படித்தான் கொடுக்கவேண்டும் என்று பழகிய மனிதருக்கு, தினமும் கெட்ட செய்தி எழுதுகிற வேலையைக் கம்பனி கொடுத்திருந்தது. சஜீத்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். 'கொஞ்சம் சுகமில்லை' என்றால் இஞ்சின் போய்விட்டது. 'களைத்திருக்கிறது' என்றால் போகப்போகிறது. 'யோசிக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தால் கட்டாயம் யோசிக்கவேண்டும். 'இறைவன் நாட்டம்' வந்துவிட்டால் கயிற்றில் கையே வைக்கக்கூடாது. சஜீத் வாசித்து, நெற்றியைத் தடவி, "இண்டைக்குச் சின்ன லோஞ்சுதான் அக்கா" என்பான். அவன் சொன்னது ஒரு நாளும் பிழையாய்ப் போனதில்லை. எங்களுக்கு இது ஒரு சீரான ஏற்பாடாகவே போய்விட்டது. வெளியாள் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்பது மறந்தும் போய்விட்டது.

பிறகு சஜீத் கல்யாணம் முடித்து லீவில் போனான். அவனுக்குப் பதிலாக நிலாவெளியிலிருந்து விதுசன் என்று ஒரு புதுப் பொடியன் வந்தான். அன்றைக்கு லாபிர் நானா எழுதியது, வெயிலும் கடலும் போக, "சின்ன லோஞ்சின் பம்பு கொஞ்சம் களைத்திருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை" என்பது. மொழிபெயர்க்க சஜீத் இருக்கிறான் என்கிற பழக்கத்தில் நான் அதை வாசிக்கவில்லை. விதுசன் படித்த பிள்ளை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே விளங்கிக்கொண்டான். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பும் மாலுமிகளைக் கப்பலிலிருந்து பெட்டிகளோடு ஏற்றிக்கொண்டு வந்தான். கட்டுநாயக்காவில் அவர்களுக்கு விமானம் இருந்தது. நடுக் குடாவில் பம்பு நின்றது, இஞ்சின் கொதித்தது, லோஞ்சு மிதந்தது.

ரேடியோவில் கூப்பிட்டான். "அக்கா, பம்ப் களைச்சிருக்கெண்டு போட்டிருந்தவர். அதாலதான் நான் ஆறுதலா, மெதுவா ஓடினனான்."

எனக்கு வந்த கோபத்தில் ரேடியோவை உடைத்திருப்பேன். அது கம்பனியின் சாமான் என்பதால் மேசையில் வைத்தேன். சல்லியிலிருந்து மீன்பிடிக்க வந்த படகு ஒன்று அவர்களைக் கட்டி இழுத்து வந்தது. விமானம் அவர்களில்லாமல் போனது.

மனேஜர் முனாப் மறுநாள் லாபிர் நானாவையும் என்னையும் கூப்பிட்டார். அவர் கத்துகிற ஆள் அல்ல. இன்னொரு முறை இவருடைய எழுத்தால் ஒரு பயணம் பிழையாய்ப் போனால் வேலையால் நிற்பாட்டிவிடுவேன் என்று, நாளைக்கு மழை பெய்யலாம் என்கிற மாதிரிச் சொன்னார். என் பக்கம் திரும்பி, "நீங்க அவருக்கு எழுதப் பழக்குங்க," என்றார்.

லாபிர் நானாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இங்கே வேலை போனால் வேறு லோஞ்சுக் கம்பனிகள் அவரை எடுக்காது. அவர்களுக்குச் சான்றிதழ் வேண்டும், வயது குறைய வேண்டும். இஞ்சின் சத்தத்தைக் கேட்காமல் அவரால் ஒரு கிழமை இருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். லீவு நாளில்கூட வந்து லோஞ்சைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். அவருக்கு வேறு பொழுதுபோக்கு எதுவும் இல்லை, மற்றவர்களுடைய மௌத்தைத் தவிர.

என் மேசைக்கு முன்னால் கதிரையின் நுனியில் வந்து இருந்தார். மூன்றே விஷயம், என்றேன். என்ன பழுது? லோஞ்சு ஓடுமா ஓடாதா? இனி என்ன செய்யவேண்டும்? அவ்வளவுதான்.

"முதல் வரியிலயா?" என்று கேட்டார்.

"ஓம், முதல் வரியில."

"ஸலாம் சொல்லாமலா?"

"ஸலாம் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு நேர இஞ்சின்."

"வெயிலப் பத்தி ஒண்டும் போடக் கூடாதா?"

"வெயில் அவைக்கும் தெரியும் நானா."

போனை மேசையில் வைத்தார். "வாசிக்கிற ஆள் நிண்டுகொண்டு வாசிச்சா?"

"நிண்டா என்ன?"

"விழுந்திருவாங்களே தங்கச்சி."

"பம்ப் பழுதெண்டு வாசிச்சு உலகத்தில ஒருத்தரும் விழமாட்டினம்!"

"சஜீத் விழமாட்டான். விதுசன் புதுப் புள்ள."

மேசையில் ஓங்கி அடித்தேன். அவர் எழுந்துபோய் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நானும் குடித்தேன். அவர் தந்தால் குடிக்காமல் இருக்க முடியாது, அப்படித் தருவார். பிறகு மறுபடி தொடங்கினோம். 'பெல்ட் அறுந்துவிட்டது' என்று எழுதவைக்க ஒரு பின்னேரம் போனது. எழுதிவிட்டு, சவத்துக்குப் பக்கத்தில் சத்தம் போட்டுச் சிரித்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். 'பாவம், அறுந்துவிட்டது' என்று போடலாமா என்று கேட்டார். போடக்கூடாது என்றேன். அவருக்கு வேர்த்தது. இஞ்சின் அறைக்குள் நாள் முழுக்க நிற்கும்போதும் அவருக்கு அப்படி வேர்த்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் வந்து இருந்தார். வேலை போய்விடும் என்கிற பயம் அவருக்கு இருந்தது. எனக்கும் இருந்தது.

சஜீத் லீவு முடிந்து வந்த கிழமை, பெரிய லோஞ்சும் வேறு இஞ்சின் பூட்டி ஓடத் தொடங்கியிருந்த நேரம், ஒரு மத்தியானம் குறூப்பில் இது வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். பெரிய லோஞ்சு: தண்ணீர்க் குழாயில் சிறு கசிவு. துணி கட்டியிருக்கிறேன். ஓடலாம். நாளைக் காலை குழாயை மாற்றுவேன்."

இரண்டு தரம் வாசித்தேன். சந்தோசத்தில் என் கண் நிறைந்துவிட்டது என்றால் நம்பமாட்டீர்கள். கட்டைவிரல் படம் ஒன்று போட்டேன். லாபிர் நானா அதைப் பார்க்கவில்லை. போனை நிற்பாட்டிவிட்டு மூதூருக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே ஒரு வீட்டில் சொல்லவேண்டிய செய்தி ஒன்று அவருக்கு வந்திருந்தது. அப்படிப் போகும்போது போனைத் திறந்து வைத்திருக்கமாட்டார்.

சஜீத் என் மேசைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, நானா எழுதினதப் பாத்தீங்களா?"

"பாத்தன். நல்லா எழுதியிருக்கிறார்."

"இப்பிடி அவர் ஒரு நாளும் எழுதினதில்ல. வெயிலப் பத்திக்கூட ஒண்டுமில்ல. என்னமோ பெரிசா நடந்திருக்கு."

"சிறு கசிவெண்டு தெளிவாப் போட்டிருக்கிறார் சஜீத்."

"அதுதான் அக்கா பயமா இருக்கு. கொஞ்சம் எண்டாலே இஞ்சின் செத்திருக்கும். இது சிறுவாம். அதுக்கு மேல 'ஓடலாம்' எண்டு வேற போட்டிருக்கார். வாப்பா மௌத்தான நேரங்கூட அவர் இவ்வளவு சுருக்கமாக் கதைக்கல்ல."

பின்னால் விதுசன் நின்றான், இப்போது சஜீத்துக்கு உதவியாள். ஏற்கனவே நடுக் குடாவில் மிதந்தவன். "நான் ஏறமாட்டன் அக்கா," என்றான்.

நான் அவரைப் பழக்கிய கதையைச் சொன்னேன். மூன்று விஷயத்தையும் விளங்கப்படுத்தினேன். சஜீத் மரியாதையாகக் கேட்டுவிட்டு, நானாவைப் பழக்க ஏலுமா அக்கா என்றான். இறங்குதுறைக்கு நானே போனேன். குழாயில் துணி கட்டியிருந்தது, துணி ஈரமாக இருந்தது, கீழே நாலைந்து துளி சிந்தியிருந்தது. இதைப் பாருங்கோ, இவ்வளவுதான் என்று கத்தினேன். மேல தெரியிறது அவ்வளவுதான் என்றான் சஜீத். லாபிர் நானாவுக்கு போன் எடுத்தேன், திரும்பத் திரும்ப எடுத்தேன், அது நிற்பாட்டியே கிடந்தது. சின்ன லோஞ்சு வேறு கப்பலுக்குப் போயிருந்தது. கப்பலைப் பரிசோதிக்கக் கொழும்பிலிருந்து வந்த அதிகாரி பையோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் வேறு கம்பனியின் லோஞ்சில் ஏறிப் போனார். அவரைக் கூட்டிவந்த கப்பல் ஏஜென்சி அதற்குப் பிறகு எங்களுக்கு போன் எடுக்கவில்லை. நாங்கள் போய்வரும் கப்பல்களில் அரைவாசி அவர்களுடையவை.

மறுநாள் காலை லாபிர் நானா வந்து, சொன்னபடி குழாயை மாற்றினார். அது முடிய மனேஜர் அறைக்குள் நாங்கள் எல்லோரும் நின்றோம்.

"போன முறை எழுதினத நம்பிப் போனாங்க, நடுக்கடல்ல நிண்டாங்க. இந்த முறை நம்பாமக் கரையில நிண்டாங்க," என்றார் முனாப். "ரெண்டையும் எழுதின ஆள் ஒருத்தர்தான்."

"இந்த முறை சரியாத்தானே எழுதினவர்!" என்றேன். என் சத்தம் வெளியே கேட்டிருக்கும்.

"சரியாத்தான் எழுதியிருக்கார். ஆனா இனி இவர் என்ன எழுதினாலும் ஆளுக்கொரு பொருள் சொல்லுவாங்க. அப்படி ஒரு ஆள வச்சு நான் எப்படி லோஞ்சு அனுப்புறது? சொல்லுங்க தனுஷிகா."

பிழை தன்னுடையது, தன்னை நிற்பாட்டுங்கள் என்று சஜீத் சொன்னான். உன்னை நிற்பாட்டினால் லோஞ்சை யார் ஓட்டுவது என்று முனாப் கேட்டார். லாபிர் நானா எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார், எங்களில் யாரை முதலில் இருத்தவேண்டும் என்று பார்ப்பவர் போல.

பின்னேரம் முனாப் கடிதத்தை என்னிடம் தந்து கொடுத்துவிடச் சொன்னார். அதில் மூன்று வரிகள்தான் இருந்தன. லாபிர் நானா நின்றபடியே அதை வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். விளங்குது, என்றார். பிறகு, அவர் வாயிலிருந்து நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"வீட்டில சுபைதாட்ட நீங்கதான் வந்து சொல்லோணும் தங்கச்சி."

"நான் சொல்லுறதோ? கிண்ணியா முழுக்க நீங்கள் போய்ச் சொல்லுறீங்களே."

"அது மத்தவங்கட செய்தி. இது எனக்கு ஏலாது."

இருவரும் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் வெயிலைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். பாலத்தில் ஏறியபோது கடல் அமைதியாக இருக்கிறது என்றார். நான் ஓம் ஓம் என்றேன். சொல்லவேண்டிய வசனத்தை மனதுக்குள் திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டு வந்தேன். ஒரு பம்பு பழுது என்று சொல்ல நான் ஒருநாளும் தயங்கியதில்லை.

அவருடைய மனைவி சுபைதா ராத்தா வாசலில் அரிதட்டில் மா அரித்துக்கொண்டிருந்தார். ஒரு முறை கந்தோருக்கு வந்திருக்கிறார், என்னைத் தெரியும். வராத நேரத்தில் கணவர் வந்ததையும், கூடவே கந்தோர்ப் பெண் வந்ததையும் பார்த்தார். லாபிர் நானா உள்ளே வந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

"கால் நோவு எப்பிடி? சாப்பிட்டியா?" என்று தொடங்கினார்.

ராத்தா அரிதட்டைக் கீழே வைத்தார். அந்த மனிதரோடு குடும்பம் நடத்தியவர் அவர். தானாகவே கதிரையில் இருந்தார்.

"என்னை இருத்தத் தேவல்ல. நான் இருந்திட்டன்," என்றார். என்னைப் பார்த்தார். "ஆர் மௌத்து?"

லாபிர் நானா சுவரைப் பார்த்தார்.

"ஒருத்தரும் மௌத்தில்லை ராத்தா," என்றேன். "நானாவ வேலையால நிப்பாட்டிட்டினம். கடிதமும் தந்தாச்சு. நாளையில இருந்து போகத் தேவையில்லை."

"அவ்வளவுதானா?" என்று சுபைதா ராத்தா மூச்சை விட்டார். "அல்ஹம்துலில்லாஹ்! கட்டார்ல இருக்கிற மகனுக்கு என்னமோ எண்டு நினைச்சிட்டன். பயமுறுத்திப்போட்டீங்களே புள்ள." சிரித்தார், உண்மையாகவே சிரித்தார். "இருங்க, தேத்தண்ணி ஊத்திறன்," என்று குசினிக்குள் போனார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது.

"பாத்தீங்களா நானா? நேர சொன்னா ஒண்டுமில்லை," என்றேன்.

லாபிர் நானா தலையை ஆட்டினார். "செய்தி இன்னும் போய்ச் சேரல்ல தங்கச்சி."

"விளங்கினபடியாத்தானே சிரிச்சவ?"

"மெதுவாச் சொன்னாலும் நேர சொன்னாலும் ஒண்டுதான். குசினிக்குப் போன பிறகுதான் போய்ச் சேரும். நான் எத்தின வீட்டில பாத்தனான்."

அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது. கோப்பைகள் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. சீனி கலக்குகிற கரண்டி கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு நின்றது. அதற்குப் பிறகு குசினியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம், தேத்தண்ணி வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. நான் சொன்ன அந்த மூன்று வசனங்களையும் திருப்பி எடுக்க முடியுமென்றால் எடுத்திருப்பேன்.

"மத்த வீடுகளில இந்த நேரம் நான் எழும்பிப் போயிருவன்," என்றார் லாபிர் நானா மெதுவாக. "இதுக்குப் பிறகு என்ன செய்றதெண்டு எனக்குத் தெரியாது."

எழுந்தார். பழக்கத்தில் வாசல்வரை போனார். ஒரு செருப்பைக் காலில் மாட்டியும்விட்டார். பிறகு அதைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் போனார்.